எடைக்குப் போகும் எழுத்து: மும்பைத் தமிழர் அச்சுத் தாள்களும் பழநூல் சேகரிப்பு மரபும்

தமிழில் அச்சான நூல்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவன அட்டவணைகளே. ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியலும், பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூல்களுக்கு எல்.டி. பார்னெட், ஜி.யு. போப் இருவரும் தொகுத்து 1909இல் வெளிவந்த பட்டியலும் இவ்வகையில் அடிப்படையானவை. மயிலை சீனி. வேங்கடசாமி 1962இல் வெளியிட்ட 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' என்னும் நூலும் பெரும்பகுதி இத்தகைய தேடலின் பயனே. ஆயினும் அட்டவணை ஒரு நூல் இருந்தது என்பதைச் சொல்லுமேயன்றி அந்நூலைக் கையில் தராது. கையில் தந்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதச் சேகரிப்பாளர்கள். மறைமலையடிகள் வாழ்நாளெல்லாம் வாங்கிச் சேர்த்த நூல்கள் 1950இல் அவர் மறைந்தபின் பொதுநூலகமாயின. புதுக்கோட்டை ஞானாலயாவும் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் வீடும் இவ்வாறே ஆய்வாளரின் புகலிடங்களாயின. பழைய புத்தகக் கடையில் நின்று தாள் புரட்டிய சிலருடைய விருப்பு வெறுப்புகளே நமக்கு இன்று 'மூலங்கள்' எனக் கிடைப்பவற்றைத் தீர்மானித்துள்ளன என்பது சற்று அச்சந்தரும் உண்மை.

தமிழகத்துக்கு வெளியே தொழில் தேடிச் சென்ற தமிழர்களின் அச்சுத் தாள்களுக்கு இவ்வகைச் சேகரிப்பாளர் வாய்த்தனரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் செறிந்து வாழ்ந்த மும்பைத் தமிழர்களை முன்னிறுத்தி இவ்வினா ஆராயப்படுகிறது.

கோட்டையூர் காட்டிய வழி

ரோஜா முத்தையா (1926-1992) விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். புலமை மரபில் வந்தவர் அல்லர். அதுவே அவருடைய சேகரிப்பின் தனித்தன்மைக்குக் காரணமாயிற்று எனக் கருத இடமுண்டு. தமிழாசிரியர் ஒருவர் சேர்த்திருந்தால் இலக்கண இலக்கியப் பதிப்புகளே மிகுந்திருக்கும். முத்தையாவோ நூல்களோடு இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் எனத் தாளில் அச்சானதும் எழுதப்பட்டதுமான பலவற்றையும் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் அவர் மறைவின்போது கோட்டையூர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியும் கடல்கடந்து கொண்டு செல்லாமல், 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைய வழிசெய்தது. இவ்வாறு மண்ணிலேயே நிலைத்த சேகரிப்புகள் மிகச் சில.

இச்சேகரிப்புக்கும் மும்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அம்பை என்னும் புனைபெயரில் எழுதும் சி.எஸ். லக்ஷ்மி, தமிழிலக்கியத்தில் பெண்கள் பற்றிய தம் ஆய்வுக்காக முத்தையா உயிரோடிருந்த காலத்திலேயே அவருடைய சேகரிப்பைப் பயன்படுத்தியவர். அவ்வாய்வு 1984இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. வை.மு. கோதைநாயகி அம்மாளின் 'ஜகன்மோகினி' போன்ற இதழ்களைப் பொது நூலகங்கள் முழுமையாகப் பேணாத நிலையில், தனியார் வீடுகளின் அலமாரிகளே அத்தகைய ஆய்வுக்குத் துணைநின்றன. மும்பையில் வாழும் அவர், நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இணைந்து 1988இல் 'ஸ்பாரோ' என்னும் பெண்களுக்கான ஒலி, ஒளிப்பட ஆவணக் காப்பகத்தை மும்பையில் தொடங்கினார். கோட்டையூருக்கும் இக்காப்பகத்துக்கும் நேரடிக் காரண காரிய உறவு கற்பிப்பது மிகையாகலாம். எனினும் நூலகங்கள் வேண்டாமென ஒதுக்கிய தாளில்தான் பெண்களின் வரலாறு இருக்கிறது என்னும் தெளிவு இரண்டுக்கும் பொது.

இதனினும் கூர்மையான சான்று அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' எனத் தொடங்கி, அடுத்த ஆண்டு பெயர் சுருங்கி, 1914 வரை அவர் நடத்திய இவ்விதழ் சென்னையில் அச்சாயினும் அதனைத் தாங்கிய வாசகருள் கோலார் தங்கவயல் தொழிலாளர் முக்கியமானவர்கள். பிற்காலத்தில் தங்கவயலிலிருந்தே அவ்விதழ் மீண்டும் வெளிவந்தது. தமிழ் இதழியல் வரலாறுகள் நெடுங்காலம் இதனைப் போதிய அளவு பேசவில்லை. இதழ்த் தொகுதிகளை அன்பு பொன்னோவியம் போன்றோர் தேடிக் காத்து வைத்திருந்தமையால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் தொகுதிகளை வெளியிட முடிந்தது. அதன்பின் தமிழ் நவீனத்துவம், பௌத்த மறுமலர்ச்சி, சாதி எதிர்ப்பு ஆகியவை குறித்த வரலாறே திருத்தி எழுதப்பட்டது. அத்தாள்கள் எடைக்குப் போயிருந்தால் அத்திருத்தம் நிகழ்ந்திருக்காது. திருத்தம் தேவை என்பதும் தெரிந்திருக்காது.

தங்கவயலுக்கு நேர்ந்த இந்நற்பேறு தாராவிக்கு நேரவில்லை.

இரு குடியேற்றங்கள், இரு வகைத் தாள்கள்

மும்பைத் தமிழர் என ஒருமையில் பேசுவது வசதியானதேயன்றி முழுதும் சரியானதன்று. 1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து 1898இல் அமைந்த பம்பாய் நகரச் சீரமைப்பு டிரஸ்டு தாதர், மாட்டுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு விரிவாக்கியது. அங்குப் பெரும்பாலும் குடியேறியோர் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகப் பணிக்கு வந்த தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பகுதியினர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியதும், 1952இல் சண்முகானந்த சபை உருவானதும் இக்குடியேற்றத்தின் நிறுவன வடிவங்கள். டிராம்பேயில் 1950களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் அமைந்தபின் இவ்வகுப்பினரின் அடுத்த தலைமுறையில் ஒரு பகுதி செம்பூருக்குப் பெயர்ந்தது. தாராவிக்கு வந்தோரோ பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உடலுழைப்புக்கும் வந்த ஆதிதிராவிடர், முஸ்லிம்கள், நாடார் முதலியோர்.

இவ்விரு பிரிவினரும் விட்டுச் சென்ற தாள்களும் இரு வகையின. மாட்டுங்காவின் தாள் தமிழகத்திலிருந்து அஞ்சலில் வந்த தாள்: 1926இல் தோன்றிய ஆனந்த விகடன், 1932இல் தோன்றிய கலைமகள், 1941இல் தோன்றிய கல்கி, அவற்றின் தீபாவளி மலர்கள். இவ்விதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைப்பது தமிழ் நடுத்தரக் குடும்பங்களில் எங்கும் இருந்த வழக்கம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரின் இத்தகைய பைண்டுகள், மணியம் வரைந்த ஓவியங்களுக்காகவே பழநூற் சந்தையில் இன்று நல்ல விலை பெறுகின்றன. ஆனால் ஆய்வாளர் நோக்கில் இப்பைண்டு இருமுனைக் கத்தி. கதையைக் காத்த அதே கை இதழின் மேலட்டை, தலையங்கம், வாசகர் கடிதம், விளம்பரம் அனைத்தையும் களைந்துவிட்டது. எந்தக் கிழமையின் இதழில் எந்தச் செய்திக்கு எதிர்ப்பக்கத்தில் அவ்வத்தியாயம் வந்தது என்பதை அறிய இன்று வேறு இதழ்த் தொகுதியைத் தேட வேண்டியுள்ளது. சேகரித்தல் என்பது எப்போதும் சிலவற்றை எறிதலும் ஆகும் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் இல்லை.

தாராவியின் தாள் அங்கேயே தேவைப்பட்டு, அங்குள்ளோர்க்காகவே அச்சான தாள். சங்கத்தின் ஆண்டு விழா மலர், கோயில் கொடை அழைப்பிதழ், நாடக நோட்டீசு, நன்கொடையாளர் பட்டியல், தேர்தல் துண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலித் தாள், பள்ளி மலர் என இதன் வகைகள் பல. இலக்கியத் தரம் தேடுவோர்க்கு இவற்றில் ஒன்றும் இராது. ஆயினும் நன்கொடையாளர் பட்டியல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், பெயருக்கு முன் எழுதப்படும் ஊர்ப்பெயர் எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் வந்தன என்பதைக் காட்டும். தொகையின் ஏற்றத்தாழ்வு யார் ஊன்றினர், யார் ஊன்றவில்லை என்பதைக் காட்டும். மலரின் விளம்பரங்கள் எந்தத் தெருவில் எந்தத் தமிழர் கடை இருந்தது என்பதைக் காட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ் பேசுவோர் இத்தனை பேர் எனச் சொல்லும். அவர்கள் எந்த ஊர்க்காரர், எவரோடு சேர்ந்து எந்தச் சாமிக்குக் கொடை கொடுத்தனர் என்பதை அது சொல்லாது. தாளின் அடியில் உள்ள அச்சகக் குறிப்பும் கருதத்தக்கது. அச்சிடப்படும் தாளில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும் என 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. ஆகவே ஒரு விழா மலர் பம்பாயில் எழுத்துக் கோக்கப்பட்டதா, திருநெல்வேலியில் அச்சாகி இரயிலில் வந்ததா என்பதை அவ்வொரு வரி காட்டிக் கொடுக்கும். புலம்பெயர்ந்தோர் தம் மொழியில் அச்சிடும் வசதியை எப்போது தம் நகரிலேயே பெற்றனர் என்பது சிறிய கேள்வி அன்று.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவை மும்பையிலிருந்தே வந்த ஏடுகள். பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் 'ஏடு' இதழிலும் நாஞ்சில் நாடன் தம் மும்பைக் காலத்தில் எழுதினார். 'மராத்திய முரசு', 'போல்டு இந்தியா' முதலியவை மும்பைத் தமிழரின் செய்தித்தாள்கள். நாஞ்சில் நாடனின் 'மிதவை' முதலான நாவல்களை ஆராய்வோர் பலர். அவை முளைத்த மண்ணாகிய இவ்வேடுகளைத் தேடுவோர் சிலர்.

சந்தையும் எழுத்தறிவும்

பழைய தாள் அழிவதும் பிழைப்பதும் பெரிதும் சந்தையில் தீர்மானமாகின்றன. 1985இல் தீக்கிரையாகும்வரை சென்னை மூர் மார்க்கெட் தமிழறிஞர் பலரின் இரண்டாம் பல்கலைக்கழகமாக இருந்தது. அங்கிருந்த வணிகர் தமிழ் படித்தவர்; நூலின் தலைப்பைப் படித்து, பதிப்பாசிரியர் பெயரைப் பார்த்து, கேட்பவரின் முகத்தையும் பார்த்து விலை சொல்ல வல்லவர். அந்த விலையே அந்நூலைக் காத்தது. குஜிலிப் புத்தகங்கள் என இகழப்பட்ட மலிவுப் பாட்டுப் பிரசுரங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' (2004) என்னும் நூலில் வரலாற்றுச் சான்றாக நிறுவ முடிந்ததும், அவை எப்படியோ எடைக்கல்லைத் தப்பி நூலகங்களையும் சேகரிப்புகளையும் அடைந்தமையால்தான்.

மும்பையில் பழநூற் சந்தைக்குக் குறைவில்லை. புளோரா பவுண்டன் நடைபாதைக் கடைகள், 2005இல் மாநகராட்சி பெரும்பாலானவற்றை அகற்றும்வரை, நாடறிந்தவை. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையிலும் பழநூற் கடைகள் உண்டு. ஆனால் இச்சந்தைகளின் மொழி முதன்மையாக ஆங்கிலம். அதற்கடுத்து மராத்தி, இந்தி, குஜராத்தி. தமிழ் எழுத்தறியாத வணிகர் முன் 1930களின் தமிழ் இதழும் சென்ற மாத நாளிதழும் ஒன்றே. வீட்டு வாசலுக்கு வரும் ரத்திவாலாவின் தராசில் தமிழ்த்தாள் முழுமையும் கிலோக் கணக்குத்தான். தமிழகத்தில் ஒரு தாள் அழிய, அதன் மதிப்பறியாதோர் பலர் கைமாற வேண்டும். மும்பையில் ஒரே கைமாற்றம் போதும். மும்பைத் தமிழ் அச்சுத் தாள்களின் அருமைப்பாட்டுக்கு மழையையும் பூச்சியையும் விட இதுவே முதற்காரணம் எனக் கொள்ளலாம்.

மழையையும் புறக்கணிப்பதற்கில்லை. மரக்கூழிலிருந்து செய்யப்படும் மலிவுத்தாள் தன்னுள்ளிருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும் இயல்பினது. கடற்கரை ஈரம் அதனை விரைவுபடுத்தும். 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாக்ரூசில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆற்றை ஒட்டிய தாராவியின் தாழ்வான குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. அதற்கு முன் 1992-93 கலவரங்களிலும் அப்பகுதியில் வீடுகள் எரிந்தன. இராமபாணப் பூச்சிக்குத் தப்பிய தாள் இவற்றுக்கும் தப்ப வேண்டியிருந்தது.

சேகரிப்புக்கு இடமும் வேண்டும். செட்டிநாட்டு ஊரொன்றில் ஒரு இலட்சம் உருப்படிகளைப் பரப்பி வைக்க முடியும். மும்பையில் பரேல் பகுதிக் குடியிருப்பின் சிற்றறைகளில் வாழ்ந்த அம்பேத்கர், மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் 1930களில் 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தை எழுப்பியதற்கு அவர்தம் நூல்களுக்கு இடம் தேடியதும் ஒரு முதன்மைக் காரணம். 1917இல் அவர் இலண்டனிலிருந்து திரும்பியபோது தனிக்கப்பலில் அனுப்பிய நூல்கள் கடற்போர்த் தாக்குதலில் மூழ்கியமை நூல் சேர்ப்போர் பலரும் நினைந்து வருந்தும் செய்தி. தாராவியின் ஓரறை வீட்டில் தாளுக்கு உரிய இடம் மச்சு ஒன்றே. அதிலும் படுக்கைக்கும் பாத்திரத்துக்கும் பின்னரே தாளுக்கு இடம்.

சட்டம் காத்ததும் காவாததும்

1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் நான்கு நூலகங்களுக்கு அனுப்புதல் வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றோடு மும்பை மைய நூலகமும் அந்நான்கனுள் ஒன்று. ஆகவே கோவையிலோ காரைக்குடியிலோ அச்சான தமிழ் நூலின் ஒரு படி விதிப்படி மும்பைக்கும் சென்று சேர வேண்டும். தாராவியில் வெளியான துண்டுப் பிரசுரமும் சேர வேண்டியதே. ஏனெனில் அச்சட்டத்தில் 'நூல்' என்பதன் வரையறை எம்மொழியிலுமுள்ள சிறு பிரசுரங்களையும் உள்ளடக்கியது. மீறினால் தண்டம் 50 ரூபாய் வரை என்றும் விதிக்கப்பட்டது. கொடை விழா முடிந்து கணக்கு முடிக்கும் அலைச்சலில் இருந்த சங்கச் செயலாளர் எவரும் அதன் படியை அஞ்சலில் சேர்த்திருப்பார் என எதிர்பார்ப்பது சட்டம் இயற்றியவர்க்கே உரிய நம்பிக்கை.

முந்தைய 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாகாணந்தோறும் காலாண்டு நூற்பட்டியல்கள் வெளிவந்தன. பம்பாயில் அச்சான தமிழ்ப் பிரசுரம் பதிவாகியிருந்தால் பம்பாய் மாகாணப் பட்டியலில்தான் இருக்கும். தமிழ் நூல்வரலாற்றாய்வோ பெரிதும் சென்னை மாகாணப் பட்டியல்களையே பற்றி நிற்பது. அச்சட்டத்தை நீக்கி வந்த 2023ஆம் ஆண்டுப் பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் நூல்களைத் தன் எல்லையிலிருந்து விலக்கிவிட்டது.

இதனால் நேர்ந்த விளைவு ஒன்று உண்டு. 1940 சனவரியில் பெரியார் பம்பாய் சென்று அம்பேத்கரையும் ஜின்னாவையும் சந்தித்ததை அறிய விழையும் ஆய்வாளர் 'குடி அரசு', 'விடுதலை' ஆகிய தமிழக இதழ்களையே நாடுகிறார். பம்பாய்த் தமிழர் தம் வரவேற்புக்கு அச்சிட்டிருக்கக்கூடிய அழைப்புத் தாள்களை நாடுவதற்கு இடமில்லை. விருந்தினரின் குறிப்பேடு இருக்கிறது. விருந்தோம்பியவரின் குரல் இல்லை.

பிற நிலங்களில்

சிங்கப்பூரில் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' அந்நாட்டுத் தேசிய நூலகத்தால் எண்ணிமமாக்கப்பட்டுள்ளது. அங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆகவே அது அரசின் கடமை. ஈழத்தின் நிலை வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் 97,000 நூல்கள் அழிந்தன. அரசை நம்ப முடியாத அச்சூழலில் 2005இல் தன்னார்வலர் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம், நூல்களோடு கோயில் மலர், பள்ளி மலர், துண்டறிக்கை ஆகியவற்றையும், இறந்தோர் நினைவாக வெளியிடும் கல்வெட்டு எனப்படும் சிறு நூல்களையும் தொகுத்து வருகிறது. தாராவியின் தாள்களுக்குப் பொருந்துவது சிங்கப்பூர் வழியன்று, யாழ்ப்பாண வழியே. அவ்வழியில் வீட்டுக்காரர் தாளைக் கைவிட வேண்டுவதில்லை. படமெடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம்.

காலம் குறுகியது. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் 2022 நவம்பரில் முடிவாகி, 2024 முதல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தது. 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே வீடு, ஏனையோர்க்கு வேறிடம் என்பது அதன் விதி. குடியிருப்பை மெய்ப்பிக்க வேண்டியவர்க்குக் குடும்ப அட்டையும் மின்கட்டணச் சீட்டும் உயிரினும் மேலானவை. அவை நெகிழி உறையில் பத்திரமாக இருக்கும். 1978இன் விழா மலர் எதையும் மெய்ப்பிக்காது. வீடு மாறும் நாளில் மச்சிலிருந்து முதலில் இறங்குவதும், புதிய வீட்டுக்கு ஏறாமற் போவதும் அதுவாகவே இருக்கும். அரசு வேண்டும் தாள்களே எஞ்சுமாயின், தாராவித் தமிழரின் வரலாற்றில் அவர்கள் மனுதாரராகவும் பயனாளியாகவும் மட்டுமே தோன்றுவர். நாடகம் போட்டவராகவும் கொடை எடுத்தவராகவும் சங்கம் கண்டவராகவும் தோன்றார்.

களப்பணிக்கு மாணவரை அனுப்பும் தமிழ்த் துறைகள் வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டுவதில் நெடிய பயிற்சி உடையவை. அப்பயிற்சியையே அச்சுத் தாளுக்கும் நீட்டலாம். ஒரு துண்டறிக்கையைப் பதிவு செய்கையில் தலைப்பு, ஆண்டு, அச்சகக் குறிப்பு ஆகியவற்றோடு அது எவர் வீட்டில், எதனோடு சேர்த்து, எந்தக் காரணத்தால் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் அவ்வீட்டார் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பெட்டியைத் திறந்து காட்டும் முதியவர் இருக்கும்போதுதான் அக்குறிப்பு கிடைக்கும்.